அமெரிக்காவில் பிஎச்.டி. சேரப் போகிறேன்: யாரை எப்படிக் கூப்பிடுவது, எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது?

நீங்கள் கேட்டிருப்பவை இவை. ஆகஸ்டில் அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேரப் போகிறீர்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா, மெயிலுக்குப் பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவது மரியாதைக் குறைவா, ஊரிலிருந்து அவருக்குப் பரிசு ஏதாவது வாங்கிப் போகலாமா, டிஏ (வகுப்பு நடத்தவும் தாள் திருத்தவும் பேராசிரியருக்கு உதவும் மாணவர்) வேலையில் எதில் கவனமாக இருக்க வேண்டும், அறையில் சமைப்பது, வெளியே சாப்பிடப் போவது, பண்டிகைக்கு லீவு கேட்பது. கடைசியில் போகிற போக்கில், "பாஸ்போர்ட்டில் எனக்கு சர்நேம் இல்லை, பரவாயில்லையா?" என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றதையெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை விமானம் ஏறுவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைக் கொண்டுபோய் சர்நேம் இடத்தில் வைத்துவிடுவார்கள். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. அதற்கப்புறம் வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ், சம்பளக் கணக்கு, பல்கலைக்கழக ஐடி என்று எல்லா இடத்திலும் அந்த மூன்று எழுத்து உங்கள் பெயராகிவிடும். "டியர் எஃப்என்யூ" என்று மெயில் வரும்போது முதல் தடவை சிரிப்பு வரும். ஓர் அலுவலகத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் பதிவாகி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலையும்போது சிரிப்பு வராது. விசா இன்னும் முத்திரை ஆகவில்லை என்றால், பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து, அப்பா பெயரையோ குடும்பம் பயன்படுத்தும் பெயரையோ சர்நேமாகப் போட்டு மாற்றி வாங்கிவிடுங்கள். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதி அதையும் புதிய பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தும்படி திருத்திக் கேளுங்கள். பாஸ்போர்ட், ஐ-20, விசா மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

அப்பா பெயர் சர்நேமாக இருப்பவர்களுக்கு வேறு விதமான வேடிக்கை. முறையான கடிதம் எல்லாம் அப்பா பெயரில் வரும். வகுப்புப் பட்டியலை வைத்துக் கூப்பிடுகிறவர்கள் அப்பாவைக் கூப்பிடுவார்கள். முதல் நாளே "என்னை இப்படிக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுவது அங்கே மிகச் சாதாரணம். பல பல்கலைக்கழகங்களில் விருப்பப் பெயர் என்று தனியாகப் பதிந்துகொள்ளவும் வழி உண்டு. கட்டுரைகளில் எந்தப் பெயர் வர வேண்டும் என்பதை மட்டும் முதல் கட்டுரைக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் மேற்கோளில் நிற்கப்போவது கடைசிப் பெயர்தான். வானியற்பியலாளர் சந்திரசேகர் அப்பா பெயரான சுப்ரமணியனை நம் இனிஷியல் வழக்கப்படி முன்னால் வைத்துக்கொண்டார், அதனால் உலகம் மேற்கோள் காட்டியது அவருடைய சொந்தப் பெயரை. சிகாகோவில் அவர் எல்லோருக்கும் சந்திரா. 1999இல் விண்ணுக்குப் போன எக்ஸ்ரே தொலைநோக்கிக்கும் அதே பெயர்தான். சிதம்பரத்தில் பிறந்து, ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் 1976இல் முனைவர் பட்டம் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு அப்பா பெயர் பின்னால். கட்டுரைகளில் ராமகிருஷ்ணன், ஆட்களுக்கு வெங்கி. இரண்டு வழியிலும் நோபல் வரை போக முடிந்திருக்கிறது. எந்த வழி என்பது உங்கள் விருப்பம், பாதியில் மாற்றாமல் இருந்தால் போதும். ஆராய்ச்சியாளர்களை அடையாளம் காட்டும் ஓர்கிட் எண் ஒன்றையும் இலவசமாகப் பதிந்து வைத்துக்கொண்டால், உங்கள் பெயரே உள்ள இன்னொருவரின் கட்டுரை உங்கள் கணக்கில் சேராது.

சரி, பேராசிரியரை எப்படிக் கூப்பிடுவது? முதல் மெயிலில் 'புரொஃபசர்' போட்டுக் கடைசிப் பெயர். அவர் பதிலில் கீழே எப்படிக் கையெழுத்திடுகிறார் என்று பாருங்கள். வெறும் முதல் பெயர் இருந்தால், அது உங்களுக்கும் அனுமதி. "என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடு" என்று நேரில் சொல்லிவிட்டால் அப்புறம் தயங்க வேண்டாம். தொடர்ந்து சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் சிலருக்கு அது சங்கடமாக இருக்கும், நீங்கள் வேண்டுமென்றே தள்ளி நிற்பதாகத் தோன்றும். தெற்கு மாநிலங்களில் சார், மேடம் இரண்டும் அன்றாடப் பேச்சில் உண்டு, அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 'ரெஸ்பெக்டட் சார்' என்று மெயில் தொடங்குவதை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இளநிலை மாணவர்கள் இருக்கும் வகுப்பில் அந்தப் பேராசிரியரைப் பற்றிப் பேச நேர்ந்தால் மறுபடி புரொஃபசர் என்று சொல்வது நல்லது.

இதில் ஏமாந்துவிடக் கூடிய ஓர் இடம் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், வகுப்புக்குள் அவர் வந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை, ஒருவர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறார், இன்னொருவர் நடுவில் எழுந்து வெளியே போய்விட்டு வருகிறார். இதையெல்லாம் பார்த்துவிட்டு இங்கே மரியாதை என்பதே கிடையாது போல என்று நினைப்பவர்கள் உண்டு. இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. அவருடைய நேரத்தை எப்படி நடத்துகிறீர்கள், செய்வதாகச் சொன்னதைச் செய்தீர்களா, முடியாவிட்டால் முன்கூட்டியே சொன்னீர்களா, அடுத்தவர் செய்த வேலைக்கு அந்த அடுத்தவர் பெயரைப் போட்டீர்களா என்பதை வைத்துத்தான் அங்கே உங்களை அளப்பார்கள். பத்து மணி மீட்டிங்குக்குப் பத்தே காலுக்கு வந்து, கைகட்டி நின்று, ஆறு தடவை சாரி சார் சொன்னாலும் அந்தக் கால் மணி நேரம் திரும்பி வராது.

நம் ஊர்ப் பழக்கத்தில் பணிவு என்றால் பெரும்பாலும் பேசாமல் இருப்பது. புரியவில்லை என்றாலும் தலையாட்டுவது, பெரியவர் சொல்லும் யோசனை தவறு என்று தெரிந்தாலும் வாய் திறக்காமல் இருப்பது, அவராகக் கேட்கும்வரை காத்திருப்பது. உங்கள் ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியரான அட்வைசர் இதையெல்லாம் பணிவாகப் படிக்க மாட்டார். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டீர்கள் என்று எடுத்துக்கொள்வார், மூன்று வாரம் சத்தமில்லை என்றால் வேலை நடக்கிறது என்று நினைப்பார். நான்காவது வாரம், முதல் நாளிலேயே மாட்டிக்கொண்டு நின்றது தெரிய வந்தால் கோபம் வரும். மாட்டிக்கொண்டதற்கு யாரும் கோபப்படுவதில்லை, ஆராய்ச்சி என்றாலே பாதி அதுதான். சொல்லாமல் விட்டதற்குத்தான். இரண்டு நாள் முயன்றும் நகரவில்லை என்றால், என்னென்ன செய்து பார்த்தீர்கள், எங்கே நின்றது, அடுத்து எதைச் செய்யலாம் என்று நினைக்கிறீர்கள் என்று நாலு வரி எழுதிப் போட்டுவிடுங்கள். தலையசைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் 'ஆமாம்' என்பதற்குப் பக்கவாட்டில் ஆட்டுவது அவர்களுக்கு இல்லை என்றோ, பார்க்கலாம் என்றோ தெரியும். அதை மாற்றிக்கொள்வது கடினம், மாற்றவும் தேவையில்லை. கூடவே வாயாலும் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாராந்திர மீட்டிங்குக்கு ஒரு வழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மாலை மூன்று வரி: போன வாரம் என்ன நடந்தது, இந்த வாரம் எதில் முடிவு வேண்டும், எந்த வரைபடத்தை அவர் பார்க்க வேண்டும். முடிந்த பிறகு அன்றே இன்னொரு மூன்று வரி: நாம் முடிவு செய்தது இது, நான் செய்யப்போவது இது. பல அட்வைசர்கள் என்ன சொன்னோம் என்பதையே அடுத்த வாரம் மறந்திருப்பார்கள். உங்கள் மெயில்தான் இருவருக்கும் சாட்சி. அவர்கள் "இதை ஒருமுறை செய்து பார்க்கலாமே" என்று மென்மையாகச் சொன்னால், அது பெரும்பாலும் செய்துவிட்டு வா என்பதுதான். குரல் உயரவில்லை என்பதற்காக விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கருத்து வேறுபட்டால் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் "நீங்கள் சொல்வது தவறு" என்று ஆரம்பிக்காமல், கையில் இருக்கும் தரவைக் காட்டி, "இதை வைத்துப் பார்த்தால் எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று ஆரம்பியுங்கள். நல்ல அட்வைசர்கள் அன்றைக்குத்தான் உங்களைச் சக ஆராய்ச்சியாளராகப் பார்க்கத் தொடங்குவார்கள். எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல மாட்டேன். சேருவதற்கு முன் அந்த லேபின் பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசிவிடுவது, எந்த ரேங்கிங்கையும் விட உதவும்.

மெயிலுக்குப் பதில் இல்லை என்றால்? ஒரு வாரம் பொறுத்து, அதே மெயிலுக்கு மேலேயே ஒற்றை வரி. "போன வாரம் எழுதியது, நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்றால் போதும். இது மரியாதைக் குறைவு இல்லை, பலர் நன்றி சொல்வார்கள். கெடு நெருங்கினால் இரண்டு மூன்று நாளிலேயே ஞாபகப்படுத்தலாம், கெடு எப்போது என்று தலைப்பு வரியிலேயே போட்டுவிடுங்கள். நடு இரவில் அவர் உங்களுக்கு மெயில் அனுப்பினால் அப்போதே பதில் போட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அவருக்குக் குழந்தைகள் தூங்கிய பிறகுதான் நேரம் கிடைத்திருக்கும்.

டிபார்ட்மென்டில் மாணவர்களின் நிர்வாக வேலையைப் பார்க்கும் கோ-ஆர்டினேட்டர் ஒருவர் இருப்பார். சம்பளம் ஏன் வரவில்லை, எந்தப் படிவம் எப்போது, பிஎச்.டி.யைத் தொடரத் தகுதி பார்க்கும் குவாலிஃபையர் தேர்வுக்கு யாரிடம் கையெழுத்து என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், ஆனால் கிளார்க் மாதிரி விரட்டக் கூடாது. நம் பிள்ளைகள் சிலர் பேராசிரியரிடம் குழைவதும் இவரிடம் அதட்டுவதும் பார்த்திருக்கிறேன். டிபார்ட்மென்ட் முழுக்கத் தெரிந்துவிடும், அங்கே அது மிக மோசமான அடையாளம்.

டிஏ வேலையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 1974இல் வந்த ஃபெர்ப்பா என்ற சட்டம். மாணவரின் மதிப்பெண்ணும் கல்விப் பதிவும் அவருடைய தனிப்பட்ட விஷயம். நோட்டீஸ் போர்டில் பெயரோடு மார்க் ஒட்டுவது, திருத்திய தாள்களை வராந்தாவில் அடுக்கி வைத்து அவரவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவது, வகுப்பில் "நீ மட்டும்தான் பெயில்" என்பது எதுவும் கூடாது. மாணவரின் அம்மா போன் செய்து பையன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டால், நீங்கள் எதுவும் சொல்லாமல் பேராசிரியரிடம் அனுப்பிவிட வேண்டும். நமக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றும். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அந்த உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

மார்க்குக்காக வாதாட வரும் மாணவர்களைப் பார்த்து மிரள வேண்டாம். அரை மார்க்குக்காக வருவார்கள், சிரித்துக்கொண்டே வருவார்கள், அது உங்கள் மேல் கோபம் இல்லை. விடைத்தாளைத் திருத்தும் முன்பே எதற்கு எத்தனை என்று எழுதி வைத்துக்கொண்டால், அதைக் காட்டிப் பேசலாம். உங்கள் தவறு என்றால் உடனே மாற்றிவிடுங்கள், இல்லை என்றால் பேராசிரியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்லிவிடுங்கள். ஆபீஸ் ஹவர்ஸ் என்று உங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் யாரும் வராவிட்டாலும் அறையில் இருக்க வேண்டும். நீங்கள் எடுக்கும் பாடங்களின் பேராசிரியர்களுக்கும் அதே மாதிரி நேரம் உண்டு, அதற்கு அனுமதி கேட்டுப் போக வேண்டியதில்லை. அறிவைக் காட்டப் போகிற இடமில்லை அது, தெரியாததைக் கேட்கிற இடம். முதல் செமஸ்டரிலேயே போய்ப் பழகிக்கொள்ளுங்கள். மாணவர் யாராவது பாலியல் தொல்லை பற்றி உங்களிடம் சொன்னால், பல பல்கலைக்கழகங்களில் டிஏவும் அதை மேலே தெரிவிக்கக் கடமைப்பட்டவர். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். அதற்கான பயிற்சியை ஆன்லைனில் வேகமாக அழுத்தித் தள்ளாமல் படியுங்கள்.

வீட்டுப்பாடம், தேர்வு விஷயத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாணவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். அங்கே பல இடங்களில் தேர்வு அறையில் மேற்பார்வையாளரே இல்லாமல் மாணவரின் சொல்லை நம்பும் மரபு இருந்தது. பிரின்ஸ்டனின் ஹானர் கோட் (நேர்மை விதி) 1893இல் தொடங்கியது, ஸ்டான்ஃபோர்டுடையது 1921இல். எல்லாப் பல்கலைக்கழகமும் அப்படி இல்லை, ஸ்டான்ஃபோர்டே 2023இல் மேற்பார்வையைச் சோதித்துப் பார்க்க முடிவெடுத்தது. ஆனால் அந்த நினைப்பு எங்கும் இருக்கிறது: நம்பித்தான் விடுவார்கள், நம்பிக்கையை உடைத்தால் இரக்கம் இருக்காது. ஹாஸ்டலில் நண்பர்கள் உட்கார்ந்து அசைன்மென்டைச் சேர்ந்து முடிப்பது நமக்குத் தோழமை. அங்கே சில வகுப்பில் அது அனுமதி, சில வகுப்பில் மோசடி. எது என்பது சிலபஸில் எழுதியிருக்கும். எழுதியில்லை என்றால் மெயிலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கலந்து பேச அனுமதி உண்டென்றாலும், பேசி முடித்துத் தனியாக எழுத வேண்டும், யாருடன் பேசினீர்கள் என்று தாளின் மேலே பெயர் போட வேண்டும். நீங்கள் எழுதிய புரோகிராமை நண்பனுக்கு "சும்மா பார்க்க" அனுப்புவதும் இதில் சேரும், அவன் நகலெடுத்தால் விசாரணைக்கு இருவரும்தான் போவீர்கள். ஏஐ கருவிகளுக்கும் இதே கதைதான். ஒரு வகுப்பில் தாராளம், பக்கத்து வகுப்பில் தடை.

எழுத்துத் திருட்டில் பலருக்குத் தெரியாத ஒன்று: இன்னொருவர் கட்டுரையிலிருந்து இரண்டு வாக்கியத்தை அப்படியே எடுத்து, கடைசியில் மேற்கோள் எண் போட்டுவிட்டால் சரியாகிவிடாது. மேற்கோள் குறிக்குள் இல்லாத வரை அந்த வார்த்தைகள் உங்களுடையவை என்றுதான் பொருள். அங்கங்கே சொல்லை மாற்றிவிடுவதும் தப்பிக்க வழி இல்லை. மூடி வைத்துவிட்டு, புரிந்ததை உங்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணம் பிசகினால் பரவாயில்லை. இடைநீக்கம் வரை போனால், சேர்க்கையோடு விசா நிலையும் சேர்ந்து போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

விசாவைத் தொட்டதால் இரண்டு விஷயம். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். டிஏ வேலையே பெரும்பாலும் அந்த 20 மணி நேரத்தை முழுங்கிவிடும், எனவே நூலகத்தில் இன்னும் ஐந்து மணி நேரம் என்று சேர்த்துக்கொள்ள முடியாது. வெளியே, தெரிந்தவர் ஓட்டலில் கைக்காசுக்கு நிற்பது வேண்டவே வேண்டாம். அப்புறம், கஷ்டமான பாடம் ஒன்றைக் கைவிட்டு முழுநேர அளவுக்குக் கீழே போவதென்றால், முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி. விட்டுவிட்டு அப்புறம் போய்ச் சொன்னால் காலம் கடந்திருக்கும். இங்கே சீனியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போவார்கள், முதல் வாரம் சோறு போடுவார்கள், மெத்தை தேடித் தருவார்கள். அந்த உதவிக்கு ஈடு கிடையாது. ஆனால் விசா, வரி பற்றி "சீனியர் சொன்னார்" என்று எதையும் செய்யாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவர்கள் வந்த வருடத்து விதி. வரியைப் பொறுத்தவரை, முதல் வருடம் சம்பளமே இல்லாவிட்டாலும் 8843 என்ற படிவம் அனுப்ப வேண்டும். இந்தியாவுடனான ஒப்பந்தப்படி இந்திய மாணவர்களுக்கு வருமானத்தில் நிலையான வரிக் கழிவு உண்டு, பல நாட்டு மாணவர்களுக்கு அது இல்லை. அதை விட்டுவிடாதீர்கள்.

பரிசு. வெள்ளிக் குத்துவிளக்கு, பட்டுச் சால்வை எல்லாம் வேண்டாம். அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அரசு ஊழியர் கணக்கில் வருவதால் பரிசு வாங்குவதற்குக் கட்டுப்பாடுகள் இருக்கும். இல்லாவிட்டாலும், மார்க் போடுகிறவருக்கு விலையுயர்ந்த பொருள் கொடுத்தால் அவருக்குத்தான் தர்மசங்கடம். ஒரு பெட்டி முறுக்கோ மைசூர்பாகோ கொண்டுபோய் லேபில் எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள். அது யாருக்கும் உறுத்தாது. நன்றி சொல்ல வேண்டும் என்றால் கையால் எழுதிய சின்னக் கார்டு. அதைப் பல பேராசிரியர்கள் வருடக்கணக்கில் சுவரில் ஒட்டி வைத்திருப்பார்கள்.

ரெகமண்டேஷன் லெட்டர் கேட்பதற்கும் முறை உண்டு. ஒரு மாதம் முன்பே, சிவியும் கெடு தேதிகளும் இணைத்து, "வலுவாகப் பரிந்துரைத்து எழுத முடியுமா" என்று கேளுங்கள். அந்த 'வலுவாக' முக்கியம், முடியாதவர் நாகரிகமாக விலகிக்கொள்ள வழி கிடைக்கிறது. விலகினால் வற்புறுத்தாதீர்கள், அவர் உங்களுக்கு உதவிதான் செய்கிறார். நம் ஊரில் மாணவரே எழுதிக் கொடுத்து சார் கையெழுத்துப் போடுவது சகஜம். அங்கே நீங்களாக எழுதி நீட்டினால் விநோதமாகப் பார்ப்பார்கள். அவர் கேட்டால் மட்டும், செய்த வேலைகளைக் குறிப்பாகக் கொடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமை வேண்டுமா என்று படிவம் கேட்கும். வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம், அப்படி எழுதிய கடிதத்துக்குத்தான் மதிப்பு.

சக மாணவர்களோடு பழகுவதில், தாழ்வாரத்தில் எதிர்ப்படுகிறவர் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டுக்கொண்டே நடந்து போய்விடுவார். அதற்கு ஜலதோஷக் கதை சொல்ல நிற்க வேண்டாம், நன்றாக இருக்கிறேன், நீ எப்படி என்றால் முடிந்தது. வயது, கல்யாணம் ஆயிற்றா, எவ்வளவு சம்பளம், ஏன் குண்டாகிவிட்டாய் போன்றவற்றை அவர்களாகச் சொல்லாமல் கேட்பதில்லை. பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகையான ஸ்டைபண்ட் மட்டும் விதிவிலக்கு, கிராஜுவேட் மாணவர்கள் அதைப் பற்றி வெளிப்படையாகவே புலம்புவார்கள். நம் ஆட்களிடம் பழகும்போதும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டில் சைவமா என்று சுற்றி வளைத்து ஜாதியைத் தோண்டும் கேள்விகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோகாதீர்கள். எதிரில் இருப்பவருக்கு நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று நன்றாகத் தெரியும். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் 2022இலும் தங்கள் பாகுபாடு எதிர்ப்பு விதிகளில் ஜாதியைச் சேர்த்ததே, இந்தக் கேள்விகள் அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டதால்தான்.

வெளியே சாப்பிடப் போனால் அவரவர் காசு அவரவர். யாராவது ஒருவர் மொத்தமாகக் கட்டி, வென்மோ செயலியில் பங்கு கேட்பார். மூன்றரை டாலருக்கும் கேட்பார், அற்பத்தனம் என்று நினைக்காதீர்கள். "நான் கொடுக்கிறேன்" என்று பில்லுக்கு அடித்துக்கொள்ளும் நம் சடங்கு அங்கே எடுபடாது, ஒரு தடவை சொன்னால் சரி என்று விட்டுவிடுவார்கள், மாசக் கடைசியில் நீங்கள்தான் திண்டாடுவீர்கள். அட்வைசர் லேபையே கூப்பிட்டால் பெரும்பாலும் அவர் கொடுப்பார், ஆனாலும் கார்டு கையில் இருக்கட்டும். உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் பரிமாறுபவருக்கு 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ். இது இஷ்டப்பட்டால் கொடுப்பது அல்ல. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991லிருந்து அது மாறவில்லை. சில மாநிலங்கள் மட்டுமே முழுக் கூலியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பாட்லக் என்று கூப்பிட்டால் ஆளுக்கொரு பதார்த்தம். எலுமிச்சை சாதம் எப்போதும் காலியாகும், நிலக்கடலை போட்டிருந்தால் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், ஒவ்வாமை அங்கே உயிர்ப் பிரச்சினை. மது வேண்டாம் என்றால் "வேண்டாம், நன்றி" போதும், காரணம் யாரும் கேட்க மாட்டார்கள்.

சமையல். தாளிக்கும்போது வற்றல் கருகினால் புகை அலாரம் அடிக்கும். கட்டடம் முழுவதற்கும் இணைத்திருந்தால், பனியில் இருநூறு பேர் செருப்போடு வெளியே நிற்பார்கள், தீயணைப்பு வண்டி வரும். அலாரத்தின் மேல் பிளாஸ்டிக் பை மாட்டும் யோசனையை யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், லீஸ் விதிமீறல், ஆபத்தும்கூட. எண்ணெயை மிதமாகக் காயவிட்டு, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். குளிர்கால கோட்டைச் சமையலறைப் பக்கம் தொங்கவிட வேண்டாம், கம்பளித் துணியில் ஏறிய வெங்காய வாசனை வகுப்பு வரை வரும். நம் சாப்பாட்டுக்காக வெட்கப்படச் சொல்லவில்லை. ரூம்மேட்டிடம் முதல் வாரமே பேசி, யார் எப்போது சமைப்பது, பாத்திரம் எப்போது கழுவுவது என்று ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது. அவரும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு, திடீரென்று பிரிட்ஜில் சீட்டு ஒட்டும் ரகமாக இருக்கலாம்.

பண்டிகைக்கு லீவு கேட்கலாம். தீபாவளி அன்று தேர்வு விழுந்தால், செமஸ்டர் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் பேராசிரியரிடம் சொல்லுங்கள். மத நாட்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யும் விதி பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, ஆனால் முந்தின நாள் இரவு கேட்டால் யாராலும் உதவ முடியாது. நவம்பர் நான்காவது வியாழன் தேங்க்ஸ்கிவிங், ஊரே காலியாகிவிடும், பஸ்கூடச் சரியாக ஓடாது. யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள், சைவம் என்றால் கூப்பிட்டவுடனேயே சொல்லிவிடுங்கள். அந்த மாதம் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், கிழக்குக் கரையில் இருந்தால் ஊருக்கும் உங்களுக்கும் ஒன்பதரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் பத்தரை ஆகும். அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

டிசம்பரில் ஊருக்கு வருவதாக இருந்தால், டிக்கெட் எடுத்துவிட்டு அட்வைசரிடம் சொல்லாதீர்கள், தேதியைச் சொல்லிவிட்டு டிக்கெட் எடுங்கள். டிஏவாக இருந்தால் கடைசித் தேர்வுத் தாள்களைத் திருத்தி மார்க் ஏற்றும் தேதி வரை இருந்தாக வேண்டும், அது பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிடச் சில நாள் தள்ளித்தான் இருக்கும். மறுபடி அமெரிக்காவுக்குள் வர ஐ-20இல் வாங்கும் பயணக் கையெழுத்து ஒரு வருடத்துக்குச் செல்லும், உங்களுடையது எந்தத் தேதியில் போட்டது என்று நவம்பர் தொடக்கத்திலேயே பாருங்கள். டிசம்பர் இரண்டாம் வாரம் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எல்லோரும் அதற்குத்தான் வரிசையில் நிற்பார்கள்.